நெம்மேலிக் கரையில் ஒரு முறுக்குப் பாடம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இறங்குவார்கள். அடுத்து கடற்கோயிலில்தான் நிற்பார்கள். நடுவில் இருக்கும் நெம்மேலியைப் பலரும் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இங்கே இயங்குகிறது. தினமும் 10 கோடி லிட்டர் தயாரிக்கும் திறன் கொண்டது. 2024-ல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலையும் வந்துவிட்டது.

சாலையை விட்டுக் கிழக்கே நடந்தால் மீனவர் குப்பம். ஃபைபர் படகுகள், குவியல் குவியலாக நைலான் வலைகள், சுருள் சுருளாகக் கயிறு. ஒரு காலத்தில் இந்தக் கடலோரம் முழுக்கக் கட்டுமரங்கள்தான். ஆணி இல்லை, மரங்களைக் கயிற்றால் கட்டினார்கள். ஆங்கிலத்தின் ‘கேட்டமரான்’ இங்கிருந்து போன சொல்தான்.

அந்தக் கயிற்றை உற்றுப் பாருங்கள். இழைகளை ஒரு பக்கமாக முறுக்கிப் புரியாக்குகிறார்கள். மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குகிறார்கள். புரி பிரியப் பார்த்தால் கயிறு இறுகும். கயிறு பிரியப் பார்த்தால் புரி இறுகும். பசை எதுவும் வேண்டாம்.

இதே முறுக்கு தொலைபேசிக்கும் கைகொடுத்தது. பக்கத்து மின்கம்பிகளின் இரைச்சல் தொலைபேசியில் கலந்தபோது, இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கும் முறைக்கு அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் 1881-ல் காப்புரிமை பெற்றார். முறுக்கிய இரண்டு கம்பிகளும் இரைச்சலை ஏறக்குறைய சமமாக வாங்கும். அது ஒன்றையொன்று கழித்துவிடும். இன்று வீட்டு இன்டர்நெட் கேபிளுக்குள் நான்கு ஜோடிகள் அப்படித்தான் இருக்கின்றன.

ஹெட்போன் கேபிளை வீட்டிலேயே செய்யும் இளைஞர்களும் இப்போது உண்டு. ஒரு காதுக்கு இரண்டு வீதம் நான்கு கம்பிகள். சிலர் முறுக்குகிறார்கள், சிலர் நான்கு கால் சடைபோலப் பின்னுகிறார்கள். பின்னினால் நீளம் குறையும், கூடுதலாக வெட்ட வேண்டும். பின்னிய கேபிள் வளைந்து கொடுக்கும், எளிதில் பிரியாது.

பாட்டு இனிமையாகுமா? 32 ஓம் ஹெட்போனுக்கு, ஒரு மீட்டர் நல்ல செம்புக் கம்பியின் தடை ஒரு ஓமுக்கும் குறைவு. இவ்வளவு குறைந்த நீளத்தில் முறுக்கியதற்கும் பின்னியதற்கும் காது வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். சந்தேகமா? ஒரே கம்பியில் இரண்டு விதமாகவும் செய்யுங்கள். எது எதுவென்று சொல்லாமல் வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். பத்து முறையும் சரியாகச் சொன்னால் உங்கள் காதுக்கு ஒரு சபாஷ்! இல்லையென்றால், விலை உயர்ந்த கேபிளுக்கு வைத்திருந்த பணம் மிச்சம்.

நெம்மேலியில் கயிறுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. அலையே சோதித்துவிடும். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. படகை ஏற்றி வைக்கவும், வலையை விரித்து அறுந்த கண்ணிகளைக் கட்டவும், கயிற்றை நீளமாக இழுத்துப் பார்க்கவும் மணல் வேண்டும். கடலரிப்பு அந்த மணலைத்தான் தின்கிறது. கைக்குத் தெரிந்த வேலை பிள்ளைகளுக்கும் போய்ச் சேர, உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஒரு கரை வேண்டுமே!

அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது, பத்து நிமிடம் இங்கே இறங்குங்கள்.