சிந்த்வினைக் கடந்தவர்கள்

கூண்டு வண்டிகள் ஆற்றைக் கடந்து மேற்கே போகும் அமெரிக்கக் கதைகளை லயன் காமிக்ஸில் வாசித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. நெய்வேலி நகரியத்தின் நேர்கோட்டுத் தெருக்களில் அமர்ந்து அந்நியரின் இடர்களுக்காக வருந்தியிருக்கிறோம். நம்மவர் மேற்கே நடந்த பாதையை எனக்குக் காட்டியது, இங்குள்ள புத்தகக் கண்காட்சியில் வாங்கிய வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்'.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். அவர்களில் பலருக்கு வழி சிந்த்வின் ஆறுதான். அதைக் கடந்தபின் கபாவ் பள்ளத்தாக்கு, தமு, பலேல், இம்பால். கூலி கொடுக்க முடிந்தவர்களுக்குச் சிறிது தூரம் மாட்டுவண்டி, மற்றவர்களுக்குக் கால்கள். மே மாத மழையில் மலைப்பாதை சேறாயிற்று. காலராவும் மலேரியாவும் உடன் நடந்தன. வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. (சாவிலும் வரிசை முறை!) இறந்தவர்களை முறையாக எவரும் எண்ணவில்லை, பல்லாயிரம் என்பதோடு சரி.

ரங்கூனில் 'ஜோதி' இதழின் ஆசிரியராக இருந்தவர் சர்மா. உலக நாடுகளின் வரலாறுகளைத் தமிழில் எழுதிக் குவித்தவர், மனைவியுடன் தாம் நடந்ததை அலறலின்றிச் சொல்கிறார். அந்த நிதானம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. எழுதத் தெரிந்த ஒருவர் நடந்ததால் நமக்கு இவ்வளவாவது கிடைத்தது. உடன் நடந்த கூலித் தமிழர்களின் கதை எங்கே? சென்னையின் பர்மா பஜார், 1960களில் கப்பலில் திரும்பியவர்களுடையது. 1942இல் நடந்தவர்களுக்கு, நானறிய, ஒரு தெருப்பெயர்கூட இல்லை.