நெருப்பெரிச்சலில் ஒரு வீடு மந்திரிப்பு

திருப்பூரிலிருந்து பெருமாநல்லூர் செல்லும் சாலையில் பூலுவபட்டியருகே பிரிந்து சென்றால் நெருப்பெரிச்சலை அடையலாம். தனி ஊராட்சியாக விளங்கிய இவ்வூர் 2011-ஆம் ஆண்டு திருப்பூர் மாநகராட்சியுடன் இணைக்கப்பெற்றது. தோட்டங்களுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் நடுவே பனியன் கம்பெனிகள் எழுந்துள்ளன. அவற்றை ஒட்டி, தொழிலாளர் குடியிருக்கும் 'லைன் வீடுகள்' வரிசை வரிசையாய் நிற்கின்றன. சென்ற சித்திரை மாதத்து ஞாயிறன்று அத்தகைய வரிசை ஒன்றிற்கு நான் செல்ல நேர்ந்தது.

என்னை அழைத்தவர் தென் மாவட்டத்திலிருந்து பிழைப்பு நாடி வந்த ஒரு தாய். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் தயங்கித் தயங்கி நின்றார்.

"சாமி, வாடகை வீட்டை மந்திரிக்கலாமா?"

"ஏனம்மா, அதிலும் நீங்கள்தானே குடியிருக்கிறீர்கள்?" என்றேன்.

"இல்லை சாமி, அது தகர வீடு. அதான் கேட்டேன்."

சென்று பார்த்தபோதுதான் அவருடைய தயக்கத்தின் பொருள் விளங்கிற்று. இரும்புக் குழாய்களை நட்டு, நான்கு புறமும் மேலும் தகரத்தைப் போர்த்திய பத்து அறைகள். ஆடிக் காற்று தூக்கிச் செல்லாதிருக்கக் கூரையின்மேல் கற்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், இரண்டு கழிப்பறைகள். அறைக்குள்ளே ஒரு மூலையில் அடுப்பும் எரிவாயு உருளையும். மறு மூலையில் பள்ளிப் புத்தகங்களும் மாதாவின் படமும். கணவர் தையல்காரர், மனைவி செக்கிங் வேலை செய்கிறார். ஒருவருடைய ஒரு வாரச் சம்பளம் முழுவதும் வாடகைக்குப் போய்விடுகிறது. பகல் வெப்பம் தாளாமல், வயது முதிர்ந்த பாட்டியார் காலை பத்து மணிக்கே பாயை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிடுகிறார். வீடு இருந்தும் பகலெல்லாம் வெளியிலேயே வாழ்கிறார்.

"எத்தனை நாளாக இங்கே?" என்று வினவினேன். "தற்காலிகமாகத்தான் வந்தோம் சாமி. ஒன்பது வருடமாகிறது," என்றார் கணவர்.

தற்காலிகம் என்னும் அச்சொல் என் உள்ளத்தைத் தைத்தது. இது நம் ஊருக்கு மட்டும் உரிய துன்பமன்று. செல்வ நாடாகிய இங்கிலாந்திலும், வீட்டு விலை எட்டாத மக்கள் பலர், 'கேரவன்' எனப்படும் பெட்டி போன்ற வீடுகளில் ஆண்டு முழுவதும் வாழ்கின்றனர். நகரும் வீடு என்று பெயர். ஆயினும் ஒரே இடத்தில் நிலையாக நிறுத்தப்பட்டிருக்கும். வீடு அவர்களுடையது, அது நிற்கும் நிலமோ வேறொருவருடையது. நிலத்துக்கு அவர்கள் வாடகை தரவேண்டும். நிரந்தரக் குடியிருப்புக்கென உரிமம் பெற்ற இடங்களில் வாழ்வோரை, நீதிமன்றத்தின் ஆணையின்றி வெளியேற்றலாகாது என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. விடுமுறைக்காலத்துக்கு மட்டும் உரிமம் பெற்ற இடங்களில் வாழ்வோருக்கு அக்காப்பு இல்லை. கூரை ஒரே மாதிரியானதுதான். ஒருவன் அஞ்சாமல் உறங்குவதும் மற்றவன் அஞ்சி உறங்குவதும் உரிமையைப் பொறுத்தது. நம் தகர வீட்டாருக்கோ நிலமும் சொந்தமில்லை, வீடும் சொந்தமில்லை, கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

அச்சம் வீண் அச்சமன்று. 2025 ஜூலை 9 அன்று திருப்பூர் கல்லூரிச் சாலைப் பகுதியில், நெருக்கமாக அமைக்கப்பட்டிருந்த 42 தகர வீடுகள், எரிவாயு உருளைகள் வெடித்து ஒருசேரச் சாம்பலாயின. குடியிருந்தோர் வேலைக்குச் சென்றிருந்ததால் உயிர்கள் தப்பின. சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள்கள் தப்பவில்லை. அதே தீ இரவில் மூண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவும் நெஞ்சு நடுங்குகிறது.

வழியே இல்லையா என்று கேட்பீர்கள். நெருப்பெரிச்சல் பக்கத்திலேயே, திருக்குமரன் நகரில், அரசு கட்டிய 1,248 அடுக்குமாடி வீடுகள் 2021 பிப்ரவரி 25 அன்று திறந்து வைக்கப்பட்டன. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி, இன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்றுள்ள நிறுவனத்தின் பணி அது, போற்றத்தக்கதே. எனினும் அத்தகைய வீட்டைப் பெறப் பயனாளி தம் பங்குத் தொகையைக் கட்டவேண்டும். வாரந்தோறும் சனிக்கிழமைச் சம்பளத்தை எதிர்நோக்கி வாழும் குடும்பத்துக்கு அது பெரிய மலை. வந்த ஊருக்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணமும் விடுவதில்லை. 2020-இல் ஊரடங்கு வந்தபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களின்மீது வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோதும், ஆர்டர் குறையுமோ, அறையைக் காலி செய்ய நேருமோ என்ற கவலைதான் இவர்களை முதலில் தொட்டது. ஆகவே வாங்கும் வீட்டைவிட, அஞ்சாமல் வாழத்தக்க வாடகை வீடே இவர்களுடைய உடனடித் தேவை.

அது அரசின் கையில் மட்டும் இல்லை. இம்மடலை வாசிக்கும் நம் குடும்பங்களிலும் நான்கைந்து அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருப்போர் உண்டு. உழைத்துச் சேர்த்த பணத்தில் கட்டியவர்கள். அவர்களைக் குறைகூற நான் வரவில்லை. மூன்று காரியங்களை மட்டும் வேண்டுகிறேன். முதலாவது, வாடகை ஒப்பந்தத்தை எழுதிக் கொடுங்கள். 2019 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தமிழ்நாட்டுச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. முகவரிக்கு ஒரு சான்று கிடைத்தால், அரசு அலுவலகங்களில் இக்குடும்பங்கள் அலைவது குறையும். இரண்டாவது, தகரத்தின் அடியில் வெப்பம் தடுக்கும் ஓர் உட்கூரையும், எதிரெதிரே இரு சன்னல்களும் வையுங்கள். மூன்றாவது, வரிசைக்கு வரிசை இடைவெளி விட்டு, எரிவாயு உருளையைச் சுவருக்கு வெளியே காப்பாக வைக்க இடம் செய்யுங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு சில மாத வாடகைதான்.

அன்று அந்த வீட்டை மந்திரித்தேன். நான் தெளித்த தீர்த்தம் சுட்ட தகரத்தில் பட்டதும் காய்ந்து மறைந்தது. பாட்டியார் மரத்தடியிலிருந்து எழுந்து வந்து, "சாமி, எனக்கும் கொஞ்சம்," என்று தலை குனிந்து நின்றார். அடுத்த அறையிலிருந்த வடநாட்டு இளைஞர்கள் இருவரும் எட்டிப் பார்த்தனர். மொழி தெரியாவிட்டாலும் கை குவித்தனர். பத்து அறைகளின் வாசலிலும் தீர்த்தம் தெளித்துவிட்டே திரும்பினேன்.

வாடகை வீட்டை மந்திரிக்கலாமா என்று அந்தத் தாய் கேட்டார். மந்திரிக்கலாம். ஆனால் அந்த ஆசீர் நிலைத்திருக்க, வீட்டைக் கொடுப்பவருடைய மனமும் சேர்ந்து கனிய வேண்டும்.