இரு கடல்களின் மூச்சு

மண்டபத்திலிருந்து இராமேசுவரத் தீவுக்குச் செல்வோர் பாம்பன் பாலத்தின் நடுவே சற்று நின்று இருபுறமும் நோக்குதல் வழக்கம். 1988-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அச்சாலைப் பாலத்தின் வடபுறம் விரிவது பாக் விரிகுடா. தென்புறம் விரிவது மன்னார் வளைகுடா. தீவு மக்கள் முன்னதைப் பெண் கடல் என்றும், பின்னதை ஆண் கடல் என்றும் அழைப்பர். ஒன்று சீறும் பருவத்தில் மற்றொன்று அடங்கியிருக்கும். வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசியில் வாடை பிறந்துவிட்டாலோ நிலைமை தலைகீழாகும்.

அமைதியான கடலைக் கண்டு நாம் மகிழ்கிறோம். பொங்கும் கடலைக் கண்டு அஞ்சுகிறோம். ஆயினும் கடலுக்குள் வாழும் உயிர்களின் கணக்கு வேறு. நமக்கு அச்சமூட்டும் அலையே அவற்றுக்கு மூச்சைக் கொண்டு சேர்க்கிறது.

அஃது எவ்வாறு? மீனும் நண்டும் நம்மைப் போலவே பிராணவாயுவால் வாழ்பவை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 21 விழுக்காடு பிராணவாயு உண்டு. ஆனால் 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் கடல்நீர், காற்றிலிருந்து கரைத்துக்கொள்வது ஏறத்தாழ 6 மில்லிகிராமுக்குச் சற்று மிகுந்த அளவே. நீர் சூடேறச் சூடேற அதுவும் குறையும்.

கடலின் மேற்பரப்பில், ஒரு மில்லிமீட்டரிலும் மெல்லிய நீரேடு ஒன்று உள்ளது. அதனுள் நீர் அதிகம் கலங்குவதில்லை. வாயு மெல்ல ஊர்ந்தே அதனைக் கடக்க வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் வாயு பரவுவது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவானது. எனவே, வானுக்கும் கடலுக்கும் இடையே அவ்வேடே கதவாக அமைந்துள்ளது. காற்று வலுத்தால் ஏடு மெலிகிறது; அலை உடைந்தால் குமிழிகள் நீருக்குள் அமிழ்ந்து கரைகின்றன. கதவு அகலத் திறக்கிறது.

நடுக்கடலில் இக்கதவைத் திறப்பது பெரும்பாலும் காற்றுதான். ஆழம் குறைந்த கரைக்கடலிலோ கடலடியும் கைகொடுக்கிறது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழங்கூட இல்லாதது. இத்தகைய இடங்களில் நீரோட்டம் அடித்தரையில் உராய்ந்து சுழல்களை எழுப்புகிறது. அவை மேற்பரப்பை எட்டி, காற்று ஓய்ந்த வேளையிலும் நீரேட்டைக் கலைத்துவிடுகின்றன. பாம்பன் கால்வாயில் நீர் விரைந்தோடும் நாளில், கீழிருந்து பொங்கி விரியும் வட்டங்கள் இவ்வேலையின் அடையாளமே.

கரைக்கடலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதன் அடித்தரைவரை வெயில் எட்டுவதால் அங்கே கடற்புல் செழிக்கிறது. பகலில் அப்புல் கரியமில வாயுவை உண்டு பிராணவாயுவை உமிழ்கிறது. நண்பகலில் நீர் தாங்கும் அளவையும் மீறிப் பிராணவாயு பெருகினால், மிகுதி வானுக்கே திரும்புகிறது. இரவில் புல், மீன், நுண்ணுயிர் யாவும் பிராணவாயுவைச் செலவிட, கரியமில வாயு பெருகுகிறது. விடியற்காலையே கடலில் பிராணவாயு மிகவும் அருகும் நேரம். இவ்வாறு ஒரே நாளில் கடல் மூச்சை உள்ளிழுத்து வெளிவிடுகிறது!

இவ்வரவு செலவு தவறினால் நேர்வது என்ன? 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் மன்னார் வளைகுடா அதனைக் காட்டியது. நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் அளவின்றிப் பெருகி நீரைப் பச்சையாக்கிற்று. அதன் பெருக்கமும் அழிவும் பிராணவாயுவை விழுங்கின. வானிலிருந்து வந்து சேர்ந்ததைவிட உள்ளே செலவானது மிகுந்தது. சில இடங்களில் பிராணவாயு, லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே தாழ்ந்தது. மீன்கள் செத்துக் கரையில் ஒதுங்கின. மீனுக்காவது நீந்தித் தப்ப வழியுண்டு; இருந்த இடத்திலேயே வாழும் பவளத்திற்கு ஏது வழி? அங்கே பவளங்களும் மாண்டன. பவளத்திட்டு அழிந்தால் மீன்குஞ்சு ஒதுங்க இடமில்லை. மீன் இல்லையேல் கரையோரக் குடும்பத்தின் அடுப்பு எரிவது எங்ஙனம்?

அக்கதவின் வழியே வேண்டாத பொருளும் நுழைகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. மனிதர் வெளியிடுவதில் ஏறத்தாழக் காற்பங்கைக் கடல்களே ஏற்றுக்கொள்கின்றன. அதனால் நிலத்தில் வெப்பம் ஓரளவு தணிகிறது. கடல்நீரிலோ அமிலத்தன்மை ஏறி, பவளமும் சிப்பியும் தம் கூட்டைக் கட்டுவது கடினமாகிறது. நம் புகையின் கடனைக் கடல் செலுத்துகிறது.

காற்றை ஏவ நம்மால் இயலாது. ஆனால் கடலின் பிராணவாயுவைச் செலவழிக்கும் சாக்கடையையும் உரக் கழிவையும் தடுக்க இயலும். அதற்கு வரவளிக்கும் கடற்புல்லைக் காக்கவும் இயலும். 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவின் மேய்ச்சல் நிலம் அக்கடலுக்கே மூச்சளிக்கும் நிலமன்றோ! அதனைக் கிழிக்காமல் விடுகின்ற ஒவ்வொரு வலையும் நாளைய மீனுக்கு இன்றே செய்யும் உதவியாகும்.