முட்டுக்காட்டில் 12 நிமிஷம்

ஞாயித்துக்கிழமை காலை நாலே முக்கால். ஹாஸ்டல் கேட்டைத் திறந்துவிடும் வாட்ச்மேன் அண்ணன் தவறாமல் கேட்பார், "ஏம்ப்பா... மாமல்லபுரத்துக்கு பஸ் விடறதை நிறுத்திட்டாங்களா?" நானும் வாத்தியும் ஹிஹி என்று அசடு வழிந்துவிட்டு பெடலை மிதிப்போம்.

வாத்தி என் ரூம்மேட். எம்-3 அரியரில் தத்தளித்த எனக்கு ஃபூரியர் சீரிஸ் சொல்லித்தந்தே வாத்தி ஆனவன். ஒரே கணக்கை நாலு தடவை கேட்டாலும் நாலு தடவையும் முதல் வரியில் இருந்து ஆரம்பிப்பான். சைக்கிளில் கதை தலைகீழ். நான் ஸ்கூல் நாளிலிருந்தே ஓட்டுகிறவன், அவன் போன வருஷம்தான் சீட்டில் உட்கார்ந்தான். ரெண்டு பேருக்கும் ஒரே கனவு... 200 கிலோமீட்டர் 'ப்ரவே'. 13 மணி 30 நிமிஷத்துக்குள் முடிக்கணும்.

பிராக்டீஸ் எல்லாம் ஈ.சி.ஆர்.தான். திருவான்மியூரில் கிளம்பினால் நீலாங்கரை தாண்டும் வரை கடைகளும் காம்பவுண்டு சுவர்களும். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை உப்பு வாசனையை வைத்து நம்பிக்கொள்ள வேண்டியதுதான். அக்கரை, உத்தண்டி, கானாத்தூர் கடந்து முட்டுக்காடு பாலம் ஏறும்போதுதான் சட்டென்று வானம் திறக்கும். ஒரு பக்கம் கழிமுகம், இன்னொரு பக்கம் உப்பங்கழி. இடுப்பளவுத் தண்ணியில் நின்று வலை வீசுகிறவர்களைப் பார்த்தால் கால் தானாக பெடலை நிறுத்திவிடும்.

அந்தப் பாலம்தான் எங்க பஞ்சாயத்து மேடையும்!

திருவான்மியூரில் இருந்து அங்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். என் வேகம் மணிக்கு 25, வாத்தி 20. நான் 48 நிமிஷத்தில் போய்விடுவேன், அவனுக்கு ஒரு மணி நேரம். 12 நிமிஷம் ஹாயாக பாலத்துச் சுவரில் சாய்ந்து சூரிய உதயம் பார்ப்பேன். அவன் மூச்சு வாங்க வந்து ஒரு காலை ஊன்றியதும், "வா மச்சி, போலாம்!" அதாவது, ரெஸ்ட் தேவைப்படாத எனக்கு 12 நிமிஷம், தேவைப்படுகிறவனுக்கு அரை நிமிஷம். இதில் 'உனக்காக வெயிட் பண்ணேன்டா' என்று ஒரு தியாகி கெட்டப் வேற!

ஒரு நாள் 12 நிமிஷம் தாண்டியது. 25 ஆனது. போன் எடுக்கலை. திரும்பி மிதித்தேன். உத்தண்டி பக்கம், மூடிக் கிடந்த கடை வாசலில் வாந்தி எடுத்துவிட்டுப் படுத்திருந்தான். கெண்டைக்கால் பிடித்து இழுத்திருக்கிறது. என்னைப் பிடிக்கணும்னு தண்ணி குடிக்கக்கூட நிறுத்தலையாம். ஆட்டோவில் சைக்கிளை ஏற்றி ஹாஸ்டல் வந்து சேரும் வரை ரெண்டு பேரும் பேசிக்கலை.

அடுத்த ரெண்டு ஞாயிறு அவன் வரலை. ஆனா எம்-3 கிளாஸ் மட்டும் வழக்கம்போல நடந்தது. மூணாவது வாரம் நோட்டில் கணக்கு போடுகிற மாதிரியே எழுதிக் காட்டினான். 200 வகுத்தல் 13.5, விடை 14.8. "டீக்கடை நேரம் உட்பட மணிக்கு 14.8 போதும்டா. ப்ரவே ரேஸும் இல்ல, ஃபர்ஸ்ட் செகண்டும் கிடையாது. என் 20 தாராளம். நீ யாரைத் துரத்தறே?"

பதில் இல்லை என்னிடம்.

"இன்னொண்ணு" என்றான். காற்றை எதிர்க்கத் தேவையான பவர் வேகத்தின் மூணாவது அடுக்கில் ஏறும். 20-லிருந்து 25-க்குப் போக, காற்றுக்கு மட்டுமே கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பவர். அஞ்சு கிலோமீட்டர்தானே என்று நான் நினைத்தது அவன் கால்களுக்கு ரெண்டு மடங்காக இருந்திருக்கு. மெக்கானிக்கல் படிக்கிறேன்னு வெளியில் சொல்லிடாதீங்க!

அப்புறம் ஏற்பாடு மாறியது. ஊரில் கிடந்த தாத்தாவோட அட்லஸை ரயிலில் போட்டுக் கொண்டுவந்தேன். கியர் கிடையாது, கேரியரோடு நல்ல கனம். (அந்தக் கம்பெனியோட சாஹிபாபாத் ஃபேக்டரியை 2020-ல் மூடினது ஜூன் 3-ம் தேதி. உலக சைக்கிள் தினமாம்!) ஞாயித்துக்கிழமை நான் அட்லஸ், வாத்தி என்னோட கியர் சைக்கிள். எனக்கு முழு எக்சர்சைஸ், அவனுக்கு நிம்மதி. தலைதெறிக்க ஓட்டும் ஆசையைப் புதன்கிழமை தனியா போய்த் தீர்த்துக்குவேன்.

போகும்போது வாத்திதான் முன்னால், வேகம் அவன் இஷ்டம். முழு வாக்கியமாகப் பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். கோவளம் தாண்டி, திருவிடந்தையில் நித்ய கல்யாணப் பெருமாள் கோயில் பக்கம் மட்டும் பயபுள்ள ஏனோ ஸ்லோ ஆவான். வடநெம்மேலி முதலைப் பண்ணை, சாளுவன்குப்பம், அப்புறம் மாமல்லபுரத்தில் சுடச்சுட இட்லி.

திரும்பும்போது என் முறை. டிசம்பர் வாடைக்காற்று வலப்பக்க முகத்தில் அறையும். நான் முன்னால் காற்றை வாங்கிக்குவேன், அவன் எனக்குப் பின்னால் கொஞ்சம் இடதுபக்கம் ஒதுங்கி வருவான். சக்கரத்தோடு சக்கரம் உரசினால் ரெண்டு பேரும் அம்பேல் என்பதால் இடைவெளி விட்டுத்தான். குழி வந்தால் நான் கத்தணும். பின்னாலிருந்து பதிலுக்கு, "ஏ-நாட் ஃபார்முலா சொல்லு!"

போன ஞாயிறு முட்டுக்காடு பாலத்தில் நிறுத்தினோம். தண்ணி குடித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் பெடலில் கால் வைத்தேன். வாத்தி வாட்ச்சைப் பார்த்தான்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகலை. உட்காருடா."

உட்கார்ந்தேன்.