மழையில் தளர்ந்த கட்டு

மாவனல்லையைத் தாண்டும் வரை வெயில் கொளுத்தியது. கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கியதும் மேகம் இறங்கி வந்து வீதியை மூடியது. மார்ச் மாதத்துப் பிற்பகல் மழை கண்டிப் பக்கத்தாருக்குப் புதிதல்ல. எனக்குப் புதிது, எங்கள் லொறியின் பின்தட்டில் கவிழ்ந்து கிடந்த ரப்பர் டிங்கி.

அதைக் காலியில் வாங்கினோம். ஆண்டின் முதல் மாதங்களில் செங்கடலை நோக்கிப் போகும் பாய்ப்படகுகள் சில காலித் துறைமுகத்தில் தங்கிச் செல்லும். அப்படித் தங்கிய ஒருவர் தம் பழைய டிங்கியையும் 8 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினையும் விற்றார். திருகோணமலையில் நிற்கும் எங்கள் 28 அடிப் பாய்ப்படகுக்கு இரண்டும் வேண்டியிருந்தன. படகு நங்கூரமிட்ட இடத்திலிருந்து கரைக்குப் போக, தண்ணீரும் அரிசியும் ஏற்றிவர, காற்று விழுந்த நேரத்தில் படகையே மெல்ல இழுக்க டிங்கிதான் கைகால். கடுகண்ணாவையில் என் வீட்டுக் கொட்டிலில் வைத்துப் பழுது பார்த்துவிட்டு, மாத்தளை, தம்புள்ளை வழியாகத் திருகோணமலைக்குக் கொண்டுபோவது என்று திட்டம்.

டிங்கியில் பாதிக்கு மேல் காற்று இருந்தது. சுருட்டிக் கட்டினால் ஒட்டுப்போட்ட இடங்கள் மடிந்து விட்டுப்போகும் என்று பயந்து அப்படியே கவிழ்த்துக் கட்டினேன். பக்கத்தில் சாக்கு சுற்றிய எஞ்சின், ஏறத்தாழ 27 கிலோ. மாவனல்லையில் தேநீருக்கு நிறுத்தியபோது கயிறுகளை இன்னொரு தரம் இழுத்து இறுக்கினேன். வெயிலில் சூடேறிய ரப்பர்க் குழாய்கள் மத்தளம் போல விம்மி நின்றன. இதைவிட இறுக்கமாகக் கட்ட முடியாது என்று நம்பினேன்.

ஏற்றத்தின் பாதியில், வளைவொன்றில், பின்னால் ஏதோ புரண்ட சத்தம். சாரதி மாத்தளைக்காரர். மறு பேச்சில்லாமல் ஓரங்கட்டினார். நனைந்துகொண்டே ஏறிப் பார்த்தேன். ஒரு கை நுழையும் அளவுக்குக் கயிறுகள் தொய்ந்திருந்தன. டிங்கி ஒரு முழம் நகர்ந்து எஞ்சினை உருட்டியிருந்தது. முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. அவிழாத முடிச்சு எப்படித் தளரும்?

"மாவனல்லையில கட்டுனது மாவனல்லையோட சரி சார். இங்க மறுபடி பாக்கணும்" என்றார் சாரதி. தோட்டத்து மரக்கறி ஏற்றி இருபது வருடமாக இந்த வீதியில் ஓடுகிறவர். முட்டைக்கோஸ் மூட்டைகளும் வழியில் இப்படித்தான் அமுங்கிப்போகுமாம்.

பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. தளர்ந்தது கயிறல்ல, கட்டப்பட்ட பொருள். சூட்டில் விம்மியிருந்த காற்று மழையில் குளிர்ந்து சுருங்க, குழாய் மெலிந்துவிட்டது. மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அது கொஞ்சம் உப்பியிருக்க வேண்டும். கடுகண்ணாவை ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆனால் அந்தச் சிறு உப்பலை மழையின் குளிர் தின்றுவிட்டது. என் நைலோன் கயிறு வேறு நனைந்தால் கூடுதலாக இழுபடும் சாதி.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றையும் அங்கேதான் கண்டேன். எஞ்சினின் தலை லொறியின் வால்பக்கம் பார்த்துக் கிடந்தது. சமதரையில் அதனால் கெடுதியில்லை. ஏற்றத்தில் தலை தாழ்ந்து, விசிறியுள்ள கால்பகுதி உயர்ந்துவிட்டது. காலியில் ஓட்டிப் பார்த்தபோது காலுக்குள் தங்கிய கடல்நீர் புகைவழியாகத் தலைக்கு இறங்கினால் சிலிண்டருக்குள் உப்பு புகும். அவுட்போர்ட் எஞ்சினை நிறுத்தியதும் நிமிர்த்தி வைத்து நீரை முழுதாக வடிய விட வேண்டும். கிடத்த நேர்ந்தால் தலை எப்போதும் காலைவிட உயர்ந்தே இருக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் என்றால், எண்ணெய் தவறான இடத்துக்கு ஓடாதபடி, செய்தவர்கள் குறித்த பக்கமாக மட்டுமே கிடத்தலாம். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும், வீதி சாயும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

இருவருமாக எஞ்சினைத் திருப்பினோம். சாரதி கயிற்றில் ஒரு கண் விட்டு, முனையைக் கொக்கியில் கொடுத்து, அந்தக் கண்ணுக்குள்ளாகவே திரும்ப இழுத்து இறுக்கினார். குழாய்களுக்கு மேலால் மட்டும் போட்டிருந்த கட்டை மாற்றி, டிங்கியின் பின்பலகையிலும் முன்வளையத்திலும் தனித்தனியாகக் கட்டினார். குழாய் மெலிந்தாலும் பலகை மெலியாதே.

வீதிக்காகக் குடைந்த பாறையைக் கடக்கும்போது மழை விட்டிருந்தது. இன்றைய வாகனங்கள் அந்தப் பாறைக்கு வெளியே சுற்றிப் போகின்றன. மலையைத் துளைக்கிறவனுக்கே கண்டி வசமாகும் என்ற பழங்கதை இந்தப் பாறையோடு சேர்ந்தது. மேலே டோசன் கோபுரம். இந்த வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுந்தது அது. ரயில் 1867இல்தான் கண்டிக்கு வந்தது. அந்நாளில் ரம்புக்கனையில் பின்னால் இன்னோர் எஞ்சினைக் கோத்துத் தள்ளித்தான் வண்டிகளை இந்த மலைமேல் ஏற்றுவார்கள். உழைத்து ஓய்ந்த பழைய எஞ்சின்கள் சில இப்போது கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன.

நான் கோபுரத்தைவிட அம்பலத்தையே அதிகம் நினைத்துக்கொண்டேன். பழைய கொழும்பு–கண்டி வீதியோரம் தூண்களோடு நிற்கும் அந்தத் தங்குமடத்தைப் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்து வருகிறேன். மாட்டுவண்டிக்காரர்கள் களைப்பாறிய இடம் என்றே சொல்லித் தந்தார்கள். மாடு இளைப்பாறும் நேரத்தில் அவர்கள் பாரத்தின் கயிற்றையும் தொட்டுப் பார்த்திருப்பார்கள் என்று அன்று முதல் தடவையாகத் தோன்றியது.

வீட்டில் பிளக்குகளைக் கழற்றி, கையால் எஞ்சினைச் சுழற்றினேன். இரண்டு மூன்று துளி நீர் தெறித்தது. நாக்கில் வைத்தேன், உப்பு. எண்ணெய் விட்டுப் பல தரம் சுழற்றி, நன்னீர்ப் பீப்பாவில் கால்மணி நேரம் ஓடவிட்டேன். தப்பியது.

திருகோணமலைக்குப் போன பிறகு இடம் பார்த்தோம். டிங்கி 2.7 மீற்றர் நீளம். பாய்மரத்துக்கும் அணியத்துக்கும் இடையில் கவிழ்த்தால் மட்டுமட்டாகப் பொருந்துகிறது. ஆனால் முன்கதவு மூடுண்டு போகும், நங்கூரம் எடுக்கக் குனிந்து நிற்க இடம் குறையும். கட்டி இழுத்துப் போகலாம் என்றார் உடனிருந்த நண்பர். உள்துறைமுகத்துக்குள் சரி, வெளியே பின்னலை வந்தால் டிங்கி அலையோடு பாய்ந்து வந்து நம்மையே இடிக்கும், எஞ்சினும் அதன்மேல் இருந்தால் கவிழ்ந்து இரண்டும் போகும். பின்பக்கம் இரும்புக் கைகளில் தொங்கவிடுவது பெரிய படகுகளுக்கே பொருந்தும். 28 அடிப் படகின் வாலில் அவ்வளவு பாரம் கூடாது. பகல் பயணத்துக்கு முன்தளத்தில் கவிழ்த்துக் கட்டுவது, இரவுப் பயணம் என்றால் காற்றை இறக்கிச் சுருட்டி உள்ளே வைப்பது என்று முடிவு செய்தோம். ஒட்டுகளை அதற்குத் தாங்கும்படி புதிதாகப் போட்டாயிற்று. எஞ்சின் பின் கைபிடிக் கம்பியில் பூட்டிய மரப்பலகையில் தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். திருகாணி கழன்றாலும் கடலுக்குள் போகாதபடி தனிக்கயிறு ஒன்று. பெற்றோல் தாங்கி மட்டும் அறைக்குள் வரவே கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடிவயிற்றில் தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

மே மாதத்தில் மட்டக்களப்பை நோக்கிப் புறப்பட்டோம். கொட்டியாரக்குடாவைக் கடந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வெயில் இறங்கியதும் தூறல் நீர் அணியத்தை நனைத்தது. சுருட்டுவதற்கு முன் முன்தளத்துக்குத் தவழ்ந்து போய் டிங்கியைத் தொட்டேன். மத்தியானம் கல்லாக இருந்த குழாய் பெருவிரலுக்கு அமுங்கியது. மேலே போட்ட கயிறு தொய்ந்திருந்தது. பின்பலகைக் கட்டும் முன்வளையக் கட்டும் அப்படியே நின்றன.