வெயில் எங்கட சொத்தில்லை

"எங்கட ஊர் வெயிலைக் கண்ட ஆளுக்கு உதெல்லாம் ஒரு வெயிலே?"

2022 யூலையிலை, தெற்குப் பிரான்சுக்குச் சைக்கிள் றேஸ் ஓடப் போறதுக்கு முதல்நாள், லாச்சப்பலிலை மரக்கறி வாங்கேக்கை ஒரு அண்ணை என்னட்டைக் கேட்ட கேள்வி இது. நானும் சிரிச்சுக்கொண்டு "அதுதானே அண்ணை" எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். அந்த "அதுதானே" என்னை எங்கை கொண்டுபோய் இருத்தினது எண்டதைக் கன நாளா எழுதவேணும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். எழுத வெக்கமாயும் இருந்தது. இப்ப எழுதுறன்.

முதலிலை சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம். எங்கட வயசுக்காரருக்குச் சைக்கிள் எண்டது விளையாட்டுச் சாமான் இல்லை. தொண்ணூறுகளிலை பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோவிலை செய்தி கேட்டனாங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு அப்பா பின்கரியரிலை அப்பாச்சியை இருத்தி, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் நாவற்குழிப் பாலம் தாண்டினவர். பிறகு சங்கானையிலையிருந்து திருநெல்வேலிக் கம்பசுக்கு நான் போய் வந்ததும் அந்தச் சைக்கிளிலைதான். 2006இலை பாதை பூட்டினாப் பிறகு மூண்டாம் வருசத்தோடை படிப்பு நிண்டுது. 2008இலை பாரிஸ் வந்து சேந்தன். வந்து முதல் செய்தது, எல்லாரையும் போலக் கோப்பை கழுவினது.

பாரிசிலை பதினொரு வருசம் நான் சைக்கிளைத் தொடேல்லை. 2019 டிசம்பரிலை ஓய்வூதியச் சட்டத்துக்கு எதிரா மெற்றோ, பஸ் எல்லாம் நிண்டது ஞாபகம் இருக்கும். வேலைக்குப் போக வழியில்லை. போகாட்டிச் சம்பளமும் இல்லை. ஆரோ பாவிச்ச சைக்கிள் ஒண்டை எண்பது ஈரோவுக்கு வாங்கி, பொபினியிலையிருந்து ஊர்க் கால்வாய்க் கரையாலை உழக்கிக்கொண்டு போனன். உண்மையா அந்தக் கால்வாய்க்குப் பேர் ஊர்க்தான். அதைக் கேக்கேக்கை எனக்கு ஒவ்வொருநாளும் சிரிப்பு வரும். வேலைநிறுத்தம் முடிஞ்சுது, நான் சைக்கிளை விடேல்லை. 2021இலை எங்கட பக்கத்துச் சைக்கிள் கிளப் ஒண்டிலை சேந்தன். முக்கால்வாசிப் பேர் ஓய்வூதியம் எடுத்த பிரெஞ்சுக் கிழவங்கள். ஆனா மலையிலை ஏறேக்கை என்னை விட்டிட்டுப் போயிடுவாங்கள்.

அவங்களிலை ஒரு அறுபத்தெட்டு வயசுக்காரர்தான், "நீயும் வா" எண்டு இந்தப் போட்டிக்கு என்னை இழுத்தவர். மூண்டு நாள் றேஸ். தூர் து பிரான்ஸ் மாதிரித்தான், சின்னனா. ஒவ்வொருநாள் ஓட்டத்தையும் எத்தாப் எண்டு சொல்லுவினம். மூண்டு நாள் நேரத்தையும் கூட்டித்தான் ஆர் முதல் எண்டு பாக்கிறது. ஒருநாள் குறிச்ச நேரத்துக்குள்ளை வந்து சேராட்டி ஆள் அவுட். கார்பொந்த்ராவைச் சுத்தி ஓட்டம், ரெண்டாம் நாள் வோந்து மலை ஏத்தம். மூண்டு நாள் லீவுக்கு முதலாளியிட்டை நிண்டு கெஞ்சினது ஒரு தனிக்கதை. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை கூட வேலை செய்து ஈடுகட்டினன். மனுசியின்ரை தம்பி தன்ரை காரிலை கொண்டு போனவன்.

அந்த யூலை பிரான்ஸ் எரிஞ்ச மாசம். தூர் து பிரான்சிலை தார் உருகாமல் இருக்க ரோட்டுக்குத் தண்ணி ஊத்தினவை. கிளப் ஆக்கள் எல்லாரும் வெயிலைப் பற்றியே கதைச்சுக்கொண்டு இருந்தினம். எனக்கு உள்ளுக்கை ஒரு சந்தோசம். மலையிலை இவங்கள் என்னை விட்டிட்டுப் போவாங்கள் சரி, வெயிலிலை நான் இவங்களை விட்டிட்டுப் போவன் எண்டு நினைச்சன். வேறை ஒண்டிலும் இவங்களைவிட எனக்குக் கூட இல்லை. பாஷை அவங்கட, மலை அவங்கட, சைக்கிளும் என்ரையைவிடத் திறம். வெயில் மட்டும் என்ரை.

முதல்நாள் 95 கிலோமீற்றர். நெஸ்க் பள்ளத்தாக்காலை ஏறி, 'சோ' எண்ட ஊருக்குப் போய்த் திரும்பிறது. ஒருபக்கம் கற்பாறை, மற்றப்பக்கம் அதலபாதாளம். மேலை போனா லவெண்டர் தோட்டம் ஊதா நிறத்திலை விரிஞ்சு கிடக்குது. வடிவெண்டா அப்பிடி ஒரு வடிவு. 36 பாகை வெயில். மற்றவை தண்ணிப் போத்தல் வாங்க ஓரத்துக்குப் போகேக்கை நான் போகேல்லை. நின்று வாங்கினா முன்னுக்குப் போற கூட்டம் விட்டிட்டுப் போயிடும். முக்கால் லீற்றர் போத்தல் ரெண்டு, அதோடை சரி. நூறுபேர் அளவிலை ஓடினதிலை நான் 38ஆவது. எங்கட கிழவர் 52ஆவது. பின்னேரம் காம்பிங்கிலை தலையிடி. மூத்திரம் பிளேன்ரீ நிறத்திலை போச்சுது. நான் அதைக் கணக்கெடுக்கேல்லை. மச்சான் ரெண்டு பியர் உடைச்சான், குடிச்சிட்டுப் படுத்திட்டன்.

கனநாள் ஓடுற போட்டியிலை உடம்பு கணக்கு வைக்கும் எண்டு அண்டைக்கு எனக்குத் தெரியாது. எங்கட ஆக்களுக்கு விளங்கிற மாதிரிச் சொன்னா, அது சீட்டுக் கட்டுற மாதிரி. முதல் மாசமே கழிச்சு எடுத்துச் செலவழிக்கலாம், நல்லாத்தான் இருக்கும். பிறகு கட்டவேணும். வெயிலிலை உழக்கேக்கை மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேலை வேர்வை போகும், அதோடை உப்பும் போகும். நான் நாலு மணித்தியாலம் ஓடி ஒண்டரை லீற்றர் குடிச்சனான். மிச்சம் கடன். அடுத்தநாள் காலமை அந்தக் கடனோடைதான் சைக்கிளிலை ஏறினன்.

ரெண்டாம் நாள். மலோசேனிலை தொடங்கி, ஒரு சின்ன ஏத்தம் தாண்டிப் பெதுவானுக்கு வந்து, அங்கையிருந்து வோந்து. 21 கிலோமீற்றர் ஏத்தம், உச்சி 1900 மீற்றருக்கு மேலை. முதல் அஞ்சாறு கிலோமீற்றர் முந்திரிகைத் தோட்டத்துக்குள்ளாலை லேசாப் போகும். பிறகு சான் எஸ்தேவ் எண்ட இடத்திலை ரோட்டு இடப்பக்கம் திரும்பும். திரும்பினால் காடு. காடெண்டா நிழல் எண்டுதானே நினைப்பியள்? மரங்கள் காத்தைத்தான் மறிக்குது. சூரியன் நேரை தலைக்கு மேலை. நூற்றுக்கு ஒன்பது, பத்துச் சாய்வு, நடக்கிற வேகம்தான் வரும். இலையான் மூஞ்சையிலை இருந்தா அடிக்கக் கை எடுக்க ஏலாது.

காட்டுக்குள்ளை நாலு கிலோமீற்றர் போயிருப்பன். திடீரெண்டு எனக்குக் குளிர்ந்தது. 37 பாகை வெயிலிலை கைமயிர் சிலிர்த்து நிக்குது. "ஆ, இப்பதான் உடம்பு ஊர் வெயிலுக்குத் திரும்புது" எண்டு நினைச்சன் பாருங்கோ, என்ரை மடைத்தனத்தை. அடுத்த வளைவிலை ரோட்டு ரெண்டாத் தெரிஞ்சுது. எப்பிடி இறங்கினனோ தெரியாது, ஒரு கல்லிலை குந்தி இருந்தன்.

கடைசி ஆளுக்குப் பின்னாலை ஒரு வான் வரும், விட்டவையை ஏத்திறதுக்கு. அதுக்கு அவை வைச்ச பேர் விளக்குமாத்து வான். அதிலையிருந்து முதலுதவி மனுசி ஒராள் இறங்கி வந்தா. அறுபது வயசிருக்கும்.

"எனக்கு ஒண்டுமில்லை. நான் வெக்கையான நாட்டு ஆள். சிறிலங்கா," எண்டன்.

"எத்தினை வருசமா இஞ்சை இருக்கிறியள்?"

"பதினாலு."

"எங்கை, தெற்கிலையோ?"

"பாரிசிலை."

மனுசி சிரிச்சா. "அப்ப நீங்கள் பாரிஸ்காரன். படுங்கோ."

சப்பாத்தைக் கழட்டி, காலை உயர்த்தி வைச்சு, கழுத்திலையும் கக்கத்திலையும் தண்ணி ஊத்தி, பெட்டி மட்டை ஒண்டாலை விசுக்கினா. கொஞ்சம் கொஞ்சமா உப்புத் தண்ணி பருக்கினா. அரைமணித்தியாலத்திலை கண் தெளிஞ்சுது. "இனி ஓடலாம்" எண்டன். அவ பதில் சொல்லேல்லை. முதுகிலை குத்தியிருந்த நம்பரின்ரை ஊசியளை ஒவ்வொண்டாக் கழட்டினா. எனக்கு முதல் றிஜே வந்த அண்டைக்கும் இப்பிடித்தான், கடிதத்தைப் பாத்துக்கொண்டு ஒண்டும் கதைக்காமல் இருந்தனான்.

வான் என்னையும் சைக்கிளையும் ஏத்திக்கொண்டு மேலை போச்சுது. சலே றெனார் தாண்டினா மரம் இல்லை, வெறும் வெள்ளைக் கல்லு. உச்சிக்குக் கிட்ட ரோட்டோரத்திலை ஒரு நினைவுக்கல் இருக்கு. ரொம் சிம்ப்சன் எண்ட இங்கிலாந்துக்காரன், 1967 யூலை 13, தூர் து பிரான்ஸ் ஓடேக்கை அங்கை விழுந்து செத்தவன். 29 வயசு. அவன் ஊக்கமருந்து எடுத்திருந்தது, மதுவும் குடிச்சிருந்தது உண்மை. அதோடை வெயில். அந்தக் காலத்திலை ஓட்டக்காரர் எவ்வளவு தண்ணி வாங்கலாம் எண்டதுக்கும் கட்டுப்பாடு இருந்தது. இப்ப ஏறிற ஆக்கள் அந்தக் கல்லடியிலை தண்ணிப் போத்தலையும் தொப்பியையும் வைச்சிட்டுப் போகினம். வான் கண்ணாடிக்குள்ளாலை அந்தப் போத்தலுகளைப் பாத்தன். முதல்நாள் வாங்காமல் விட்ட போத்தல் எல்லாம் அங்கை அடுக்கி இருக்கிற மாதிரி இருந்தது.

இரவு அம்மாவுக்குக் கோல் எடுத்தன். சொல்லாமல் விட்டிருக்கலாம், சொல்லிப்போட்டன்.

"நடுமத்தியானத்திலை ஆரடா உன்னை வெயிலுக்கை சைக்கிள் ஓடச் சொன்னது? கொப்பர் பத்து மணிக்குப் பிறகு தோட்டத்திலை நிண்டதைக் கண்டிருக்கிறியோ?"

அந்த ஒரு கேள்விக்கு என்னட்டை மறுமொழி இல்லை. அப்பா விடியப்புறம் நாலரைக்குத் தோட்டத்துக்குப் போவார். வெங்காயத்துக்குத் தண்ணி மாறிப்போட்டு பத்து மணிக்கு வீட்டை. பழஞ்சோத்துத் தண்ணியிலை உப்பும் மோரும் விட்டு, சின்ன வெங்காயம் கடிச்சுக் குடிப்பார். பிறகு மாமரத்துக்குக் கீழை சாக்குக் கட்டில். மூண்டரைக்குப் பிறகுதான் படலை திறக்கும். பன்ரெண்டு மணிக்கு எங்கட ஒழுங்கையிலை நாயும் நிக்காது. ஊரிலை ஒருத்தரும் வெயிலை வெல்லேல்லை. அதுக்கு மரியாதை குடுத்து விலகி நிண்டவை. வெயில் எங்கட ஆள் எண்ட இந்த வீரம் எல்லாம் நாங்கள் வெளிக்கிட்டு வந்தாப் பிறகு உண்டாக்கினது.

பிறகு வாசிச்சு அறிஞ்சன். உடம்பு வெக்கைக்குப் பழகப் பத்துப் பதினாலு நாள் வேணும். பழகினா வேர்வை வேளைக்கே வரும், அதிலை உப்புக் குறையும், ரத்தத்தின்ரை அளவு கூடும், இதயம் அவ்வளவு அடிக்காது. வெக்கையை விட்டிட்டு இருந்தா, சில கிழமையிலை எல்லாம் திரும்பப் போயிடும். சில கிழமை! நான் பதினாலு வருசத்தை எண்ணிக்கொண்டு இருந்தனான். குசினி வெக்கை பழக்கியிருக்கும் எண்டு நீங்கள் கேக்கலாம். நான் நிலக்கீழ் அறையிலை சலாட்டும் டெசேரும் செய்யிற பகுதி. பிறிட்ஜ் கதவுக்குப் பக்கத்திலை என்ரை வாழ்க்கை. உழக்கிப் பழகினதும் காலமை ஆறு மணிக் குளிரிலை. என்ரை உடம்பிலை ஊர் வெயில் ஒரு துளியும் மிச்சம் இல்லை. நாக்கிலை மட்டும்தான் இருந்தது.

எங்களிலை கனபேர் இப்பிடித்தான் எண்டு நினைக்கிறன். பாஷை எங்கட பிள்ளையளின்ரை ரத்தத்திலை இருக்கு எண்டுறம். கஷ்டம் தாங்கிறது எங்கட ரத்தத்திலை எண்டுறம். ரத்தத்திலை ஒண்டும் இல்லை. பழகினா இருக்கும், விட்டா போயிடும்.

மூண்டாம் நாள் வெயிலுக்குப் பயந்து ஏழு மணிக்கே தொடக்கினவை. கணக்கிலை இல்லாமல் ஓடுறதெண்டா ஓடு எண்டு விட்டவை. அஞ்சு மணிக்கு எழும்பி, உப்பும் சீனியும் போட்டுத் தேசிக்காய்த் தண்ணி கரைச்சன். எங்கட கிழவர் ஒரு மிடறு குடிச்சுப்போட்டு, "இதை ஏன் முதல்நாள் தரேல்லை?" எண்டு கேட்டார். 45 கிலோமீற்றரும் அவருக்குப் பின்னாலைதான் ஓடினன். கை நீட்டின ஒவ்வொருத்தரிட்டையும் தண்ணி வாங்கினன். முடிவுத் தாளிலை என்ரை பேருக்கு நேரை "அபொந்தோன்" எண்டு போட்டிருந்தது. கைவிட்டவர் எண்டு அர்த்தம்.

2023இலை திரும்பப் போனன். போகமுதல் பன்ரெண்டு நாள், ஜன்னலைப் பூட்டி, ஃபான் போடாமல், அறைக்குள்ளை சைக்கிளை ஸ்ராண்டிலை பூட்டி ஒருமணித்தியாலம் உழக்கினன். மனுசி எட்டிப் பாத்திட்டு "உமக்கென்ன விசரே?" எண்டு கேட்டா. மூண்டு நாளும் முடிச்சன். 71ஆவது.

லாச்சப்பல் அண்ணையைப் பிறகும் கண்டனான். "எப்பிடி, வெயில் உனக்குச் சுகம்தானே?" எண்டார்.

"இல்லை அண்ணை, சுட்டுப்போட்டுது," எண்டன்.

பி.கு: கேட்ட ஆக்களுக்கு: ஒரு லீற்றர் தண்ணிக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேசிக்காய். வயித்தோட்டத்துக்கு ஊரிலை கரைச்சுத் தாற அதே கணக்குத்தான். உப்பைக் கூட்டிப் போடாதேங்கோ.