திகன வழியாகக் கடலுக்கு

பயணம் புறப்படும் நாளில் தொடங்குவதில்லை, "போவோமா?" என்று பேச்செடுத்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. கண்டியில் நாங்கள் நான்கு நண்பர்கள் போட்ட கோல்ஃப் பயணத் திட்டமும் அப்படித்தான்.

மௌலவிக்குக் கோல்ஃப் எதற்கு என்று சகோதரிகள் சிரிக்க வேண்டாம். எங்களில் ஒருவர் ஸ்கொட்லாந்தில் பல்லாண்டு வேலை பார்த்துத் திரும்பியவர். அங்கே கடலுக்கும் வயல்களுக்கும் நடுவே, உழவுக்கு உதவாத மணல்மேட்டுப் புல்வெளிகள் உண்டு. அவற்றை 'லிங்க்ஸ்' என்பார்கள். ஆடுகள் மேய்ந்த அந்நிலத்தில்தான் இவ்விளையாட்டு வளர்ந்தது. செயின்ட் அன்ட்ரூஸ் திடலில் 1764இல் அமைந்த 18 குழிகளே பின்னர் உலக வழக்கமாயின. கடற்காற்றில் ஒருமுறை எங்களோடு ஆடவேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. 2016இல் அம்பாந்தோட்டைக் கடலோரத்தில் ஒரு திடல் திறக்கப்பட்டதால் அங்கே போகலாம் என்றார்.

ஒரு வெள்ளி மாலை, திகனவில் முன்பு கடை வைத்திருந்த நண்பரின் வீட்டில் கூடி மஷூரா செய்தோம். நுவரெலியா, வெல்லவாய வழியாக ஒரு பகல் முழுதும் ஓடவேண்டிய பாதை. எங்கே இறங்கித் தொழுவது, சாப்பாடு எங்கே, செலவை எப்படிப் பங்கிடுவது என்று எல்லாம் பேசினோம். பயணத்துக்கு அமீர் யார் என்பது மட்டும் முடிவாகவில்லை. மூவர் மட்டையையே தொட்டதில்லை என்பது அதன்பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"அதற்கென்ன? முதலில் திகனவில் பழகுவோம்" என்றார் ஸ்கொட்லாந்து நண்பர்.

வீட்டுக்காரர் பேசாமல் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் நம்மவர் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எரிந்தவற்றில் அவர் கடையும் ஒன்று. திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி சொன்னார்: "அவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்க ஹஸரத். அதுக்குப் பிறகு அந்தப் பாதையில அவர் போனதே இல்ல."

மறுவாரம் மீரா மக்காம் பள்ளியில் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். தென்னக்கும்புர பாலம், குண்டசாலை, பல்லேகல விளையாட்டரங்கு என்று மஹியங்கனைப் பாதை நீள்கிறது. திகன கடைவீதியில் நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை.

ராஜவெல்லவில் உள்ள 18 குழித் திடலை வடிவமைத்தவர் டொனால்ட் ஸ்டீல் என்ற ஆங்கிலேயர். மூன்று பக்கமும் விக்டோரியா நீர்த்தேக்கம். தூரத்தில் நக்கிள்ஸ் மலை. கடலில்லாத கண்டிக்கு இதுவே கடல் என்று தோன்றியது. மகாவலியை மறித்து 122 மீட்டர் உயரத்தில் எழுந்த அணை 1985இல் நிறைவு பெற்றது. பழைய தெல்தெனிய நகரம் இந்த நீருக்கடியில்தான் இருக்கிறது. நீர் வற்றும் காலங்களில் அதன் இடிபாடுகள் தலைகாட்டும். அங்கிருந்தவர்கள் மேட்டில் புதிய ஊர் கட்டிக் குடியேறினார்கள்.

நான் அடித்த பந்து பத்தடிகூடப் போகவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். மட்டைப் பையைச் சுமந்துவந்த சிங்களப் பெரியவர் மட்டும் சிரிக்காமல் நண்பரையே உற்றுப் பார்த்தார். "முதலாளி, நீங்களா? பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து உங்களிடம்தானே வாங்கினேன். கடையை இனித் திறக்கமாட்டீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். நண்பர் பதில் சொல்லவில்லை. ஆனால் மிச்சக் குழிகள் முழுவதும் அவரோடுதான் நடந்தார்.

திரும்பும்போது, "கடைவீதியில் கொஞ்சம் நிறுத்துங்கள்" என்றார். கடை இருந்த இடத்துக்கு எதிரே தேநீர் குடித்தோம். கண் கலங்கியது, கோப்பையை மட்டும் முழுதாகக் குடித்து முடித்தார்.

கடை திறப்பது பற்றி அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. அதை யாரும் அவசரப்படுத்தவுமில்லை. ஆனால் அம்பாந்தோட்டைக்கு அமீர் அவர்தான். அவருடைய முதல் கட்டளை, வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கடல் பார்க்க வரவேண்டும் என்பது. ஆகவே சிறிய வேனை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பெரியதாக ஒன்று பேசியிருக்கிறோம்.